சிசிலியின் ஹனோவர் ஜெர்மன்

பேரன்புக்குரிய பெறாமகள் சிசிலிக்கு,

ஹனோவரிலிருந்து உன் சித்தப்பா அலோசியஸ், ஆண்டவருடைய கிருபையால் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்க எழுதிக்கொள்வது. சித்தி பேர்பெச்சுவாவும் சுகம். லண்டனில் நீயும் அண்ணையும் அண்ணியும் முழங்கால் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறோம். உன்னை 'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ரீவியில் வருகிற ஆளை நீ என்று சொல்லக் கை கூசுகிறது. "அவளின்ர மூக்கைத் துடைச்சுவிட்ட கைதானே, சும்மா எழுதுங்கோ" என்று சித்தி சொன்ன பிறகுதான் துணிந்தேன்.

பிள்ளை, நீ வந்த பாதையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சட்டம் படித்துப் பாஸ் பண்ணிய பெட்டை, கறுப்பு அங்கியைப் போடாமல் எடின்பரோவில் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் நின்று பகிடி விடப் போகிறாள் என்று அண்ணை ரெலிபோனில் அழுதபோது நானும் கூடச் சேர்ந்து அழுதேன். பார்க்க வந்தவர்கள் ஏழே பேராம், அதில் இரண்டு பேர் உன்னைப் பெற்றவர்களாம், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவராம். பிறகு வானொலிக்கு எழுதினாய். எழுதியது நீ, கைதட்டு வாங்கியது வேறு யாரோ. பிறகு ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் தாதியாக வந்து, டொக்டரைக் கெதியாக வரச்சொல்லிவிட்டுத் திரையை விட்டே ஓடினாய். அந்த ஓட்டத்தை அண்ணை எங்களுக்கு வாட்ஸப்பில் திரும்பத் திரும்ப அனுப்பினார். இப்போது பார்த்தால் நீயே எழுதி நீயே நடிக்கிற தொடர்! கவுன்சிலில், தொலைந்த சாமான்களை வைத்திருக்கிற அறைக்குப் பொறுப்பான பொம்பிளை, குடையைத் தேடி வருகிற மனிசனிடம், இந்தக் குடைக்கு நீ தகுதியானவன்தானா என்று விசாரணை வைக்கிறாள். எங்கிருந்து பிள்ளை உனக்கு இதெல்லாம் வருகிறது? எங்கள் பரம்பரையில் பகிடி விட்டவர் என்று யாரும் இல்லை.

இனி நடந்ததைக் கேள். போன மாதம் ஒருநாள் நான் பந்தாட்டம் தேடி ரிமோட்டை அமத்திக்கொண்டு போக, திரையில் நீ நின்றாய், நின்றது மட்டுமில்லை, ஜெர்மன் கதைத்தாய், தண்ணீர் போல ஓடியது, நான் போட்ட சத்தத்தில் சித்தி அயன் பெட்டியை என் புதுச் சேட்டின்மேல் அப்படியே விட்டுவிட்டு ஓடிவர, சேட்டின் முதுகில் இப்போது முக்கோணமாக ஒரு ஜன்னல் இருக்கிறது, அது போகட்டும், உன் வாய் ஒரு பக்கம் போகச் சத்தம் இன்னொரு பக்கம் வருகிறதே என்று, ரீவியில்தான் ஏதோ பழுது என்று நினைத்து, பல்கனியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினேன், உன் வாய் சரிவரவில்லை, ஆனால் பக்கத்திலே நின்ற பூச்சாடி கீழ்வீட்டுப் பல்கனியில் போய் விழுந்தது. கீழ்வீட்டு ஹைனமான் அம்மா, படிக்கட்டுக் கழுவும் முறை தவறினால் மட்டும் எங்கள் கதவைத் தட்டுகிறவ, பூச்சாடியின் பாதியைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே வந்தா. ஏசுவதற்கு வாயைத் திறந்தவ திரையைப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்தா. பிறகு சிரித்தா, சிசிலி! நான் முப்பது வருசம் இந்த ஊர் ஹோட்டல் குசினியில் வேலை செய்து பென்சன் எடுத்தவன், நான் வழுக்கி விழுந்த நாளைத் தவிர ஒரு ஜெர்மன்காரரும் என்னால் சிரித்ததில்லை.

போகும்போது அவ சொன்னதுதான் பெரிய அதிசயம். "இந்தப் பிள்ளை எங்கட ஊர் ஜெர்மன் கதைக்குது, அசல் ஹனோவர்" என்றா. முழு நாட்டிலும் சுத்தமான ஜெர்மன் ஹனோவரில்தான் என்று இங்கே எல்லோரும் பெருமையடிப்பார்கள். லண்டனில் பிறந்த நீ, ஒரு வகுப்புக்கும் போகாமல், அதைப் பிடித்துவிட்டாய்! ஹொலிவூட் ஆட்களுக்கு இங்கே வேறு ஆட்கள் குரல் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் சோம்பேறிகள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. போன நத்தாருக்கு நீ ரெலிபோனில் எனக்கு நன்றிக்கு 'டாங்க' சொன்னபோதே உச்சரிப்பைக் கவனித்தேன். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிற டேர், டீ, டாஸ் மூன்றும் எனக்கு இன்னும் ஒரே ஆள்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இதை நாலு பேரிடம் மட்டும் சொன்னேன். அதில் ஒருவர் இங்குள்ள தமிழரின் கலைவிழாக் குழுத் தலைவர் யூட். அவர் அங்கேயே தீர்மானித்துவிட்டார்: கலைவிழாவுக்கு நீதான் பிரதம விருந்தினர், மேயரும் வருகிறா, நீ ஜெர்மனில் அரை மணித்தியாலம் பேசவேண்டும். உன்னிடம் கேட்கவில்லையே என்றேன். "சித்தப்பா கேட்டா மாட்டன் எண்டு சொல்லுவாளோ?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நோட்டீஸ் அடித்து, கோவில் கதவிலும் எங்கள் வீட்டுக் கதவிலும் ஒட்டியாயிற்று. ஆகவே மகளே, என் மானம் இப்போது உன் நாக்கில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என் நெஞ்சை அரிப்பது. எங்கள் மகள், உன் தங்கச்சி வெரோனிக்கா, வங்கியில் கிடைத்த நல்ல அவுஸ்பில்டுங்கை, அதுதான் தொழிற்பயிற்சியை, பாதியில் விட்டுவிட்டுப் பெர்லினில் போய் இருக்கிறாள். ஏதோ இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நின்று கதைக்கிற வேலையாம். ரெலிபோனில் சாமான் விற்கிற இடமாக்கும் என்று நினைக்கிறேன், கேட்கவும் பயமாக இருக்கிறது. வங்கியில் திரும்பவும் எடுக்கிறோம் என்கிறார்கள், இந்த மாதம் முடியமுதல் அவள் பதில் சொல்லவேண்டும். உன் தொடரைக் காட்டி, "இஞ்சை பிறந்த உனக்கு இப்பிடிக் கதைக்க ஏலுமோ? அந்தச் சிரிப்பு, அந்தக் கோபம், ஒரு சொல்லாலை ஆளை விழுத்துற அந்தக் கெட்டித்தனம், எல்லாம் கடவுள் குடுத்த வரமடி" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்கிறேன். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு போனை வைத்துவிடுவாள். நீ ஒருமுறை அவளைக் கூப்பிட்டு, அந்தக் கதைக்கிற வேலையை விட்டுவிடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் பேனைக்கும் நாக்குக்கும் அந்தோனியார் துணையிருக்கட்டும். அண்ணைக்கு என் அன்பு, அண்ணிக்கு என் வணக்கம், உனக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் முத்தமும்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா,
ம. அலோசியஸ்

பி.கு. கடிதத்தை ஒட்டமுதல் வெரோனிக்கா பெர்லினிலிருந்து வந்துவிட்டாள். வந்தவள் கதவில் இருந்த நோட்டீஸை வாசித்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள்.

"அப்பா, சிசிலியக்காவுக்கு ஜெர்மன் தெரியாது."

"விசர்க்கதை கதையாதை. நான் கண்ணாலை கண்டனான்."

"கண்ணாலை கண்டது அவவைத்தான். காதாலை கேட்டது என்னை."

எனக்கு விளங்கவில்லை. அவள் நிமிர்ந்து நின்று, அந்தக் குடைக்காரனிடம் நீ கேட்கிற கேள்வியை அப்படியே ஜெர்மனில் என்னிடம் கேட்டாள். குரல் உன்னுடையது, வாய் என் மகளுடையது, இரண்டும் இந்த முறை ஒன்றாகப் போயின. உன் தொடரை ஜெர்மனுக்கு மாற்றுகிற கம்பனிக்குக் குரல் கொடுத்துப் பார்க்கச் சொன்னதே நீதானாம், எத்தனையோ பேருக்குள் அவளைத்தான் எடுத்தார்களாம். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஹனோவர் ஜெர்மன் கதைக்காமல் வேறென்ன கதைப்பாள்!

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சித்தி தலையை நிமிர்த்தவேயில்லை. "எனக்கு முதல் நாளே தெரியும். நான் பெத்த குரல் எனக்குத் தெரியாதே?" என்றா.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவளை இப்பிடிப் புகழ்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. நிப்பாட்ட மனம் வரேல்லை."

ஆகவே பிள்ளை, வங்கியைப் பற்றி மேலே எழுதியதை வாசிக்காதே. அவர்களுக்கு நானே சொல்லிவிட்டேன், என் மகளுக்கு வேறு வேலை இருக்கிறதென்று. விழாவுக்கு நீ கட்டாயம் வா, நீ ஆங்கிலத்தில் பேசு, அவள் பக்கத்தில் நின்று ஜெர்மனில் சொல்லட்டும், யூட்டுக்கு என்ன சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒரேயொரு விண்ணப்பம். அடுத்த தொடரில் உன் வசனங்களைக் கொஞ்சம் நீளமாக எழுது. என் மகள் கதைப்பதை நான் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.