அடுத்த வீட்டுக் காகிதப்பூ

என் மனைவி ஹஸ்னாவை ஒரே வாரத்தில் தைப்பிங் வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். ஆனால் 'நீ இல்லாமல் முடியவில்லை' என்று மட்டும் சொல்லவே மாட்டேன். முப்பது வருஷத்தில் சொல்லாததைப் பென்ஷன் வாங்கும் வயதிலா சொல்வது?

மகளின் பிரசவத்துக்காக ஜொகூருக்குப் போனவள். பேரன் குப்புற விழவே ஆரம்பித்துவிட்டான். இவள் கிளம்புகிற வழியாக இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பால் சட்னியில் உப்புக் கூடிப்போச்சு என்று திட்டக்கூட ஆளில்லாத வீடு.

அவள் உயிரே வாசலில் இருக்கும் காகிதப்பூச் செடிகள்தான். அவை பூத்துக் குலுங்கும் படத்தைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவாள். ஒரே சிக்கல். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நான் வளர்த்த வளர்ப்பில் இலை மண்டியதே தவிர, மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. அதனால் காலை நடையில், ஊரார் வேலியோரம் பூத்ததையெல்லாம் கைப்பேசியில் பிடித்து, நம் வீட்டுச் செடி என்று அனுப்பினேன்.

நாலாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"அபாங், செடியெல்லாம் அமோகமா இருக்கே!" புருஷனை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பின்னே? நேர்ல பாத்தா அசந்துடுவே."

"நீங்க இவ்வளவு நல்லா பாத்துக்கறப்ப எனக்கென்ன அவசரம்? நோன்புப் பெருநாள் வரைக்கும் இங்கேயே இருந்துடறேன்."



"ஐயோ, அது நம்ம செடி இல்லே ஹஸ்னா!"

"தெரியுமே. அந்த ஆரஞ்சு, மிஸஸ் லோ வீட்டுது. கிளையை ஒடிச்சுக் குடுத்ததே நான்தான். பக்கத்துல அவங்க நாய் உங்களை முறைச்சுக்கிட்டு நிக்குது."

"நம்மளுது பூக்கவே இல்லே. தினமும் தண்ணி ஊத்தறேன்."

"காகிதப்பூவுக்கு யாராச்சும் தினமும் தண்ணி ஊத்துவாங்களா? காயப் போட்டாத்தான் பூக்கும்."

"செடி கிடக்குது. நீ வந்துடு." "தினமும் ரெண்டு தட்டு எடுத்து வெக்கிறேன். அப்புறம் ஒண்ணை உள்ளே கொண்டுபோய் வெக்கிறேன். நீ இல்லாம முடியலே."

அந்தப் பக்கம் மகளிடம் அவள் சொன்னது கேட்டது. குரல் கம்மியிருந்தது.

"கேட்டியாம்மா? முப்பது வருஷம் தண்ணி ஊத்தினேன், வெறும் இலைதான். மூணு மாசம் காயப் போட்டேன், உங்கப்பா மொட்டு விட்டுட்டாரு!"

போகட்டும், காரியம் ஆனால் சரி.

"அப்போ நாளைக்கே பஸ் ஏறிடறியா?"

"மொட்டுதானே விட்டிருக்கு? இன்னும் ரெண்டு வாரம் காயட்டும்."