கோணல் ஏழு

மதிப்புக்குரிய கடை மேலாளர் மிலுட்டின் ஐயா அவர்களுக்கு, யாத்ரங்காவின் பாட்டி டெசங்கா வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். நீங்கள் வெளியே போயிருப்பதால் கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் தாள் கேட்டு வாங்கி, உங்கள் கடை ஜன்னலோரமே உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாவதுவரைதான் படித்தேன், எழுத்து பெரிதாக இருக்கும்.

என் பேத்தி ஐவார் தொக்கு ஆலையில் ஏழாம் அடுப்புக்குப் பொறுப்பு. சுட்ட சிவப்புக் குடைமிளகாயை அவளைப்போல் பதமாகக் கிண்ட இந்த ஊரில் ஆள் கிடையாது. அவள் கிண்டிய ஜாடி மூடியில் கோணலாக ஒரு ஏழு இருக்கும். பெயர்பெற்ற ஆலை, தங்க நிற லேபிள், நான் வேறெதையும் தொடமாட்டேன். புனித நிக்கோலா நாளன்று சம்பந்தி ரடோய்கா வீட்டு விருந்தில் பார்த்தால், உங்கள் கடை லேபிள் ஒட்டிய மலிவு ஐவார்! "என்ன சம்பந்தி, விருந்தாளிக்கு இதையா வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திருப்பினேன். அதே கோணல் ஏழு! பேத்தியின் சரக்கை நீங்கள் திருடி விற்பதாக நினைத்து, மறுநாளே உங்கள் புகார்ப் புத்தகத்தில் அவள் பெயர், ஆலை பெயரெல்லாம் போட்டு இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் யாத்ரங்கா தலையில் கை வைத்தாள். "ஐயோ பாட்டி, அதையும் நாங்கதான் செய்யறோம்! மிளகா மொத்தமும் செப்டம்பர்ல வந்து குவியுது. எங்க லேபிள்ல அவ்வளவும் விக்காது. அடுப்பை அணைச்சா பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். கடைக்காரங்க மொத்தமா கேக்கறாங்க, விளம்பரச் செலவும் இல்ல, அதான் மலிவு. நாங்க மாட்டோம்னா பக்கத்து ஆலை செய்யும்."

"அப்ப ஊருக்கே சொல்லலாமேடி!"

"யார் செய்யறாங்கன்னு வெளிய விடக்கூடாதுன்னு ஒப்பந்தம். உன் புகாரைப் படிச்சா என் வேலை காலி!"

புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது, கிழிக்க முடியாது. சனிக்கிழமைதோறும் அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். இருவரும் மூச்சிரைக்க ஓடிவந்தோம். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்து, காபிக் கோப்பையை அதன்மேல் கவிழ்த்தீர்கள். "அடடா, கை தவறிப்போச்சே பாட்டிம்மா" என்றீர்கள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் என் பேத்திக்கு வேலை இருக்கிறதென்றால் உங்கள் மலிவு லேபிளும் உங்கள் காபியும்தான் காரணம். சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டு, அதே ஐவாரை இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். காரணம் மட்டும் சொல்லவில்லை. வாய் அரித்தது, சொல்லவில்லை.

புனித நிக்கோலா உங்கள் வீட்டாரையும் கடையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
டெசங்கா

பி.கு.: மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் தந்தது தாள் இல்லை, புகார்ப் புத்தகம். நாளை சனிக்கிழமை. எதிர்க்கடையில் காபி சொல்லியிருக்கிறேன், பெரிய கோப்பையாக. சீக்கிரம் வாருங்கள்.