பேட்டரி பாபாவின் உயிர்க்கட்டு

பேட்டரி பாபா வருகிறார் என்றால் அந்த அடுக்குமாடியில் லிஃப்ட்டுக்கு ஓய்வே கிடையாது. மாடி மாடியாக ஜனம் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடும்.

நெடுநாள் சும்மா நிற்கப்போகும் காருக்கு அவர் 'உயிர்க்கட்டு' போடுவார். அப்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்தால் பார்வை போய்விடுமாம். பானெட்டுக்குள் தலையை விட்டு ஏதோ முணுமுணுப்பார். ஊருக்குப் போனவர்கள் திரும்பியதும் அவரே வந்து கட்டை அவிழ்ப்பார். அதுவரை பானெட்டை யாரும் தொடக் கூடாது. அவிழ்த்ததும் கார் கிளம்பும். கூடவே பாபாவின் புகழும் கிளம்பும். வக்கீலும் பல் டாக்டரும்கூட வரிசையில் நின்று ஒழுங்காகக் கண்ணை மூடினார்கள்.

மூன்றாம் மாடி மருமகளுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, பாபா அவள் பக்கம் திரும்பும்வரை.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன். கணவன் வெளியூர் வேலையில். அவளோ இன்னும் ஓட்டப் பழகவில்லை. வீட்டின் இரண்டு கார்களும் நின்ற இடத்திலேயே நின்றதில் இரண்டு பேட்டரியும் படுத்துவிட்டன. சார்ஜ் ஏற்றிய கையோடு மாமியார் பாபாவை அழைத்தார்.

பாபா மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா வந்த பொண்ணோட மூச்சு சரியில்லம்மா. அதுதான் பேட்டரிய உறிஞ்சுது. பெரியவர் வண்டிக்குக் கட்டுப் போடுறேன். பையன் வண்டிய அப்படியே விடுங்க. அது செத்துப்போச்சுன்னா, பொண்ணப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மாமியார் பயபக்தியோடு தலையாட்டினார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மூச்சு விடுவதே குற்றம் என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

மறுநாள் வக்கீலின் காருக்குக் கட்டு அவிழ்த்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த மருமகளுக்குக் கடிகாரம் கண்ணில் பட்டது. பட்டப்பகல் மூன்று மணிக்கு அது பன்னிரண்டு காட்டியது.

"சார், கடிகாரம் ஏன் இப்படிக் காட்டுது?"

"கட்டு அவுத்தா எப்பவும் அப்படித்தாம்மா. காலமே புதுசாப் பொறக்குதுன்னு பாபா சொல்வார்."

காலம் பிறக்கவில்லை, கரண்ட் போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நேரே போய் மாமனார் காரின் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து வயரைக் கழற்றி, சிவப்புத் துணியால் மூடி வைத்திருந்தார் பாபா. கார் நின்றாலும் கடிகாரமும் அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். வயரைக் கழற்றிவிட்டால் குடிக்க வழியில்லை. உயிர்க்கட்டு என்பது ஸ்பேனரால் ஒரு திருகு, அவ்வளவுதான்.

அவள் மாமனார் காரில் வயரை மாட்டினாள். கணவன் காரில் கழற்றி வைத்தாள். இரண்டு பானெட்டையும் சத்தமில்லாமல் மூடினாள்.

மாமனாரின் கண் நன்றாகத் தேறிய பிறகு பாபா வந்தார். கூட்டம் கண்ணை மூடியது. மாமனார் காரின் பானெட்டுக்குள் கேட்ட முணுமுணுப்பு பாதியில் நின்றது. வெளியே வந்த முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடியும் டிக்.

"பாத்தீங்களா, இவ மூச்சு என் கட்டையே மீறிடுச்சு" என்றார் பாபா.

"அப்ப கட்டுப் போடாத வண்டி இந்நேரம் மண்ணாப் போயிருக்கணுமே. எல்லாரும் கண்ணத் தொறந்தே பாருங்க" என்றாள் மருமகள்.

கணவன் காரின் பானெட்டைத் தூக்கினாள். வயரை மாட்டி ஸ்பேனரால் முறுக்கினாள். யாருக்கும் பார்வை போகவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது.

நழுவப் பார்த்த பாபாவின் பையை மாமியார் பிடித்து இழுத்துக் கவிழ்த்தார். சிவப்புத் துணிகளோடு ஒரு ஸ்பேனரும் விழுந்தது.

"மந்திரத்துக்கு எதுக்குய்யா ஸ்பேனர்?"

பாபா அதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பாவி பேச்சக் கேட்டு உன்னைப் போய்... சரி, எப்படிக் கழட்டுறதுன்னு எனக்கும் காட்டு."

"மொதல்ல மைனஸ், அத்தை."

நிற்கிற காரில் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பது நல்லதுதான். மூளையின் வயரை எதற்கய்யா கழற்றி வைக்கிறீர்கள்?