அக்கா பத்திரிகையும் முப்பத்தொரு ப்ராசஸும்

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு வரும் முதல் வியாதி, தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பது. இரண்டாவது வியாதி, அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் நிரூபிக்க ஆசைப்படுவது. எனக்கு இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை காலையில் முற்றின.

அப்போது தல்லாகுளத்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். (பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதுதான் பாதி வேலை. வீட்டில் 'இன்ஜினியர்' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.) டிசைன் போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரோடு இணைந்திருக்கும். எதைப் பிரிண்ட் கொடுத்தாலும் சர்வரில் வரிசையில் நின்றுதான் பிரிண்டருக்குப் போகும்.

அந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. அதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் பூ வைத்த பிறகு நின்றுபோனது. அதிலிருந்து அம்மாவுக்குப் பால் பொங்கி வழிந்தாலும் பயம், வழியாவிட்டாலும் பயம். முதல் பத்திரிகையை டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் காலடியில் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுப்பது வழக்கம். அன்று பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பத்திரிகையோடு வேன் கிளம்பியாக வேண்டும். மற்ற பத்திரிகைகள் அடுத்த வாரம்தான் மிஷினில் ஓடும். சாமிக்கு மட்டும் ஒன்றை லேசர் பிரிண்டரில் எடுத்துத் தருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்தான்.

ஒன்பதே முக்காலுக்கு விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து வேன் வந்து அச்சக வாசலில் நின்றது. சொந்தபந்தம் பதினான்கு பேர், ஒரு பொங்கல் பானை, ஒரு சேவல். நான் பிரிண்ட் கொடுத்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன். அதுவும் வரவில்லை.

"என்ன மாப்ள, மக்கர் பண்ணுதா?" என்றபடி மாமா, அம்மாவின் தம்பி, உள்ளே வந்தார். அவர் பின்னால் பாதி வேனும் இறங்கி வந்துவிட்டது.

"ரெண்டே நிமிசம் மாமா. உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம்."

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ப்ராசஸ் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். 'எஸ்ட்ரேஸ்' என்ற கமாண்டில் அந்த நம்பரைக் கொடுத்தால், அது சிஸ்டத்திடம் என்ன கேட்கிறது, என்ன பதில் வருகிறது என்று வரிவரியாகத் திரையில் காட்டும். பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ப்ராசஸின் நம்பரை மட்டும் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் நான் கல்யாண வீட்டுக்காரன். ஒருவரை அழைத்து இன்னொருவரை விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு மாதமாக லிஸ்ட் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தவன். யாரையும் விடக் கூடாது என்று, ஓடிக்கொண்டிருந்த முப்பத்தொரு ப்ராசஸையும் சேர்த்துக் கொடுத்தேன். அவற்றுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன். (அப்படி ஒரு ஆப்ஷன் நிஜமாகவே உண்டு.)

அந்த முப்பத்தொன்றில் ஒன்று, சர்வரிலிருந்து என் திரைக்கு எழுத்துகளைச் சுமந்து வரும் ப்ராசஸ். அது ஒரு வரியைக் கொண்டுவந்தால், 'ஒரு வரி கொண்டுவந்தது' என்று எஸ்ட்ரேஸ் இன்னொரு வரி எழுதும். அதையும் அதே ப்ராசஸ்தான் சுமக்க வேண்டும். சுமந்தால் அதற்கும் ஒரு வரி. திரையில் எழுத்துகள் வெள்ளமாக ஓடின.

"எம்புட்டு வேகமா வேல செய்யுது பாரு!" என்று பெரியம்மா பூரித்துப்போனார்.

நிறுத்தும் விசையை அழுத்தினேன். கேட்கவில்லை. குத்தினேன். அதற்கும் கேட்கவில்லை. டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக "அண்ணே, என் சிஸ்டம் நின்னுருச்சு" என்று எழுந்தார்கள். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அர்த்தம் புரியாதது என் பூர்வ புண்ணியம்.

மணி பத்து பத்து. "போன தடவையும் இப்படித்தான், ஒண்ணு மாத்தி ஒண்ணு தடங்கலா வந்துச்சு," என்றார் அம்மா. அவர் குரல் உடைந்துவிட்டது. என் பவுசுக்காக அக்கா கல்யாணத்திலேயே கை வைத்துவிட்டேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சரான அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எதுடா வேல செய்யல?"

"பிரிண்டு மட்டுந்தான்க்கா."

"அப்ப அத மட்டும் கேளேன்டா. நாப்பது பிள்ளைகளையும் ஒண்ணா பேசச் சொன்னா, யாரு பென்சிலக் காணோம்னு எப்படித் தெரியும்?"

முதலாளி அறையில் இருந்த சர்வருக்கே ஓடி, அதன் சொந்தக் கீபோர்டில் எஸ்ட்ரேஸை நிறுத்தினேன். இந்த முறை ஒரே ஒரு நம்பர். நாலே வரியில் பதில் வந்தது: எழுதப் பார்க்கிறேன், டிஸ்க்கில் இடமில்லை, எழுதப் பார்க்கிறேன், டிஸ்க்கில் இடமில்லை. இடத்தை எந்தப் பாவி அடைத்தான் என்று தேடினால், என் பெயர்தான் வந்தது. அக்கா ரிசப்ஷனுக்குப் போடுவதற்காக, இரண்டு வாரமாக அச்சக இன்டர்நெட்டில் இறக்கிச் சேர்த்த நாதஸ்வரக் கச்சேரிகள்!

கெட்டிமேளம் வரை அத்தனையையும் அழித்தேன். பிரிண்டர் ஒரு தடவை செருமிவிட்டுப் பத்திரிகையை வெளியே தள்ளியது. அம்மா அங்கேயே அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து இருபத்தாறுக்கு வேன் கிளம்பியது.

முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது வேனைக் காணவில்லை. பதினான்கு பேர், பானை, சேவல் எல்லாரும் போய்விட்டார்கள். திருமங்கலம் தாண்டிய பிறகுதான் நான் இல்லாததையே கவனித்தார்களாம்.

சாயங்காலம் அக்கா வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு கவரைக் கொடுத்தாள். எல்லாருக்கும் கவரில் பெயருக்குக் கீழே 'குடும்பத்துடன்' என்றுதான் எழுதுவோம். என் பெயருக்குக் கீழே 'மட்டும்' என்று எழுதியிருந்தாள். எழுதியதைப் படித்துக் காட்டி, அவளே சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் சம்பந்தம் நின்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் வீட்டுக் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் என் கவரில் 'மட்டும்'தான். கல்யாணமான புதிதில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது கதையை என்னைவிட நன்றாகச் சொல்வது அவள்தான்.

போன தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கப் போவதைச் சொல்ல அக்கா போன் செய்தாள். "பத்திரிகைய வெளிய அடிச்சாச்சு, நீ ஒண்ணுத்தையும் தொட்ராத. வேன்ல மொதச் சீட்டு ஒனக்குத்தான். நீ ஏறுன பெறகுதான்டா வண்டி கிளம்பும்."