அப்பா இறங்கக்கூடாது

முன் சக்கரங்கள் இரண்டும் சேற்றுக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. பின் சக்கரங்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலச் சும்மா நின்றன.

"சிக்கிக்கிச்சாடா?" என்றார் முன் சீட்டில் இருந்த இளையபெருமாள்.

"சிக்கலப்பா. கொஞ்சம் யோசிக்குது" என்றான் மகன் தமிழ்மாறன்.

கத்தாரிலிருந்து லீவில் வந்தவன், போன வாரம்தான் தஞ்சாவூர் ஷோரூமில் அந்த வண்டியை எடுத்திருந்தான். பார்வைக்கு ஜீப் மாதிரி உயரம், உள்ளே சொகுசுக் கார். "ஃபேமிலிக்கும் ஆச்சு, காட்டுப் பாதைக்கும் ஆச்சு சார். மலையே ஏறும்" என்றான் சேல்ஸ்மேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஏறுவதற்கு மலை ஏது என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வாய்க்கால் மதகைத் தாண்டினால் வயலுக்குப் போகிற வண்டிப்பாதை. நேற்றைய மழையில் அந்தப் பாதையே நடவுக்குத் தயாராக இருந்தது. அது முடிகிற இடத்தில் பண்ணையார் வயல். தப்பு, இப்போது இளையபெருமாள் வயல். பண்ணையாரின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து விற்றபோது, மாறன் அதை வாங்கி அப்பா பேரில் பதிந்திருந்தான். இன்று முதல் நடவு.

வண்டி வாங்கியதே இந்த ஒரு காலைக்காகத்தான். சின்ன வயதில் மாறன் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போய்க் களத்துமேட்டில் நிற்பான். பாதை வளைவில் பண்ணையாரின் ஜீப் வரும். எப்பேர்ப்பட்ட சேற்றிலும் நிற்காமல் வரும். கதவில் பெரிதாக 'ஃபோர் வீல் டிரைவ்' என்று எழுதியிருக்கும்; நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். பின்னால் அப்பா உடம்பெல்லாம் சேறாக ஓடிவருவார். "ஏம்பா ஓடுறீங்க?" என்று கேட்டதற்கு, "ஒரு மரியாதைடா" என்று சொல்லியிருந்தார். அந்த மரியாதையை நினைத்தால் கத்தாரின் ஏசி அறையிலும் மாறனுக்கு உடம்பு எரியும்.

ஒரு நாளாவது அப்பா இந்தப் பாதையில் உட்கார்ந்து போக வேண்டும். வெள்ளை வேட்டி கசங்காமல் இறங்கி, முதல் நாற்றை நட வேண்டும். தன் வயல் சேறு மட்டும்தான் அவர் காலில் பட வேண்டும்.

"நான் இறங்கிக்கிறேன்டா. கனம் குறையும்."

"நீங்க இறங்கக்கூடாதுப்பா!"

"அப்ப நான் இறங்கலாமா?" என்றாள் பின் சீட்டிலிருந்த அம்மா கண்ணாத்தாள்.

"நீ இறங்கும்மா."

கண்ணாத்தாள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அவளுக்காக யாரும் வண்டி வாங்கவில்லை.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மலைப் படம் போட்ட ஒரு பட்டன் இருந்தது. மாறன் அமுக்கினான். மலை பச்சையாக எரிந்தது. சக்கரம் இன்னும் ஆழமாகப் போயிற்று.

வயலில் நடவாட்களோடு காத்திருந்த அம்சம் வரப்பு வழியே வந்து எட்டிப் பார்த்தாள். மாறனுக்கு அத்தை முறை.

"சக்கரத்துக்கு அடியில வைக்கோல் போடுடா."

போட்டான். ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் வைக்கோலை வாரிக் கண்ணாத்தாளின் பட்டுப்புடவை மேல் எறிந்தது. வண்டி வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது.

"தின்னுட்டுப் படுத்துக்கிச்சு" என்றாள் அம்சம்.

"ட்ராக்டர் ஏதாச்சும் கிடைக்குமா அத்தை?"

"எல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட உழவுக்குப் போயிருக்கு."

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. நினைக்கவே மாறனுக்கு வாய் கசந்தது. பண்ணையாரின் ஜீப்பை மெக்கானிக் சேக் தாவூது வாங்கி வைத்திருந்தார். அவருக்கு போன் போட்டான்.

இளையபெருமாளின் முகம் மாறியது. "அது வேணாம்டா."

"உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்ப்பா. ஆனா சேத்துக்கு அதான் வண்டி. இது குடும்பம் போற கார், அது காட்டுல போறதுக்குன்னே செஞ்சது. அது எங்கயும் நின்னு நான் பாத்ததே இல்ல."

இளையபெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டார்.

ஜீப் வந்தது. சேக் தாவூது அதை மதகில் திருப்பி, பின்பக்கமாகவே கொண்டுவந்து, காருக்குச் சங்கிலி மாட்டி இழுத்தார். காரின் பின் பம்பர் மட்டும் தனியாகக் கிளம்பிப் போயிற்று. வேறு இடத்தில் மாட்டி மறுபடி இழுத்தார். இந்த முறை ஜீப்பின் பின் சக்கரங்கள் சேற்றைக் கிளறிக் கிளறி அச்சு வரைக்கும் இறங்கின.

பாதையில் இப்போது இரண்டு வண்டிகள் படுத்திருந்தன.

"நாத்து வாடுதுடா" என்றாள் அம்சம்.

கார்க் கதவு திறந்தது. மாறன் "அப்பா!" என்று கத்துவதற்குள் இளையபெருமாள் முழங்கால் சேற்றில் நின்றார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார், துண்டை இடுப்பில் சுற்றினார். யாரும் சொல்லாமலே ஜீப்பின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

"நேரா புடிங்க ஐயா!" என்று குரல் கொடுத்தார்.

சேக் தாவூது திரும்பிப் பார்த்தார். இளையபெருமாள் இதுவரை அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

மாறனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க ஏம்பா இறங்கினீங்க! பாய், அந்த ஃபோர் வீலைப் போட்டுத் தொலைங்களேன்!"

"இதுல ஏது தம்பி ஃபோர் வீல்? பின்னாடி ரெண்டு சக்கரம்தான் இழுக்கும். கதவுல இருக்குறது பண்ணையார் ஆசைக்கு எழுதி வெச்சது."

"சும்மா சொல்லாதீங்க பாய். களத்துமேட்டுலேர்ந்து நான் எத்தனை தடவ பாத்திருக்கேன். இதே சேத்துல நிக்காம வரும். அப்பா பின்னாடியே ஓடி வருவாரு..."

இளையபெருமாள் தலையைத் தூக்கவில்லை. அம்சம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் தானும் தோளைக் கொடுத்தாள்.

"ஓடியா வந்தாரு? தள்ளிக்கிட்டு வந்தாருடா உங்கப்பா."