பூதக்கண்ணாடி தோற்ற ஒரே கேஸ்

புதுச்சேரியில் பூதக்கண்ணாடியால் கண்டுபிடிக்க முடியாத ஆளே கிடையாது. போலீசாருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் பாதி ஸ்டேஷனை இழுத்து மூடியிருப்பார்கள்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி கயிற்றில் தொங்கும், பெயர்க்காரணம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய காசு விற்கிறவர்கள் முன்னால் குந்தியிருப்பார். ராஜா காசு, ராணி காசு எதுவும் அவருக்கு வேண்டாம். அரசாங்கம் ஏதாவது விழாவுக்கென்று வெளியிட்ட நினைவு நாணயம் வேண்டும். அதிலும் யாராவது பேர் வெட்டிக் கெடுத்ததாக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கும், சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் புதுநன்மைக்கும் இப்படி ஒரு நாணயத்தை வாங்கி, பாத்திரக் கடையில் கொடுத்து, குடத்துக்கு வெட்டுகிற அதே மிஷினில் பேர் வெட்டிப் பரிசளிப்பவர்கள் உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள் அதைக் கையாலும் தொடமாட்டார்கள். பூதக்கண்ணாடி அதைத்தான் தேடி வாங்கி, பேருக்குரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பார். கட்டணம் ஒரு காபி.

"காசுக்கு வீடு இருக்கு தம்பி. வழிதான் தெரியல" என்பார்.

ஒருமுறை 'ஆரோக்கியம், தேங்காய்த்திட்டு' என்று வெட்டிய காசோடு அங்கே துறைமுகத்துக்குப் போனார். மீன் ஏலம் உச்சத்தில் இருந்தது. எல்லோருக்கும் தெரியட்டுமென்று காசை உயர்த்திப் பிடித்து, "இது யாருது?" என்று கத்தினார்.

"ஒன்னுதுதான்யா!" என்று ஏலக்காரர் ஒரு கூடை மீனை அவர் தலையில் கட்டிவிட்டார். மனிதர் சுத்த சைவம். கூடையை ஆட்டோ வரை தூக்கி வந்த கூலிக்காரர் காசை எட்டிப் பார்த்து, "ஆரோக்கியமா? நான்தாங்க!" என்றார். கேஸ் முடிந்தது. அன்று அவர் தெரு முழுக்க மீன் குழம்பு.

"இதுவரைக்கும் ஒரு கேஸ்லகூட தோத்ததில்ல தம்பி." இதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிறு, அவர் என் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தார். 'ப.கோ. 3' என்று வெட்டியிருந்தது.

ப.கோ. என்பது காலஞ்சென்ற என் மாமனார். நான்கு பெண்களைப் பெற்றவர். பிற்பாடு சண்டை வரக்கூடாதென்று, குடம் முதல் இடியாப்ப அச்சு வரை கொடுத்த சீர் அத்தனையிலும் தன் எழுத்தையும் பெண்ணின் வரிசை எண்ணையும் வெட்டிவிட்டவர். என் மனைவி தனம் மூன்றாவது. கல்யாணத்தன்று அவர் என் முதுகைக்கூட ஒரு மாதிரி உற்றுப் பார்த்ததாக ஞாபகம்.

அவர் அன்று தனத்துக்குக் கொடுத்த நாணயம் அது. அதற்குச் சில மாதம் முன்னால் மூலக்குளத்துக்கு வீடு மாறியபோது பழைய பீரோவின் லாக்கரைத் திறந்து பார்க்காமல் எடைக்குப் போட்ட மகானுபாவன் நான். "அப்பா காச பத்திரமா எடுத்து வச்சீங்கல்ல?" என்று தனம் கேட்டாள். "ம்" என்றேன். வருஷா வருஷம் அப்பாவின் நினைவு நாளில் அதைப் படத்துக்கு முன்னால் வைப்பாள். அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். பூதக்கண்ணாடி காசைச் சும்மா கொடுக்கமாட்டார். உரியவர் வீட்டுக்கே வந்து, குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, காசு எப்படிச் சந்தைக்கு வந்தது என்ற சரித்திரத்தை ஆதியோடந்தமாகச் சொல்லித்தான் கொடுப்பார்.

நல்லவேளை, அவரே வழிதவறினார். "ஒற்றன் தம்பி! பிரெஞ்சுக்காரன் காலத்து ஆளு. மூணாம் நம்பரு."

"இந்தக் காசே அவன் கப்பல் ஏறுனதுக்கு அப்புறந்தான வந்துச்சு?"

"அதான் ஒற்றன்! யாருக்காவது சந்தேகம் வந்துச்சா?"

நானும் பிடித்துக்கொண்டேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்களின் வீடுகளாகப் பார்த்து அனுப்பினேன். அவரும் படியேறி, "முசியே, நீங்க மூணாம் நம்பரா?" என்று கேட்டு, நாய் துரத்த இறங்கி வந்தார்.

நினைவு நாளுக்கு முந்தின நாள், பெரிய மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போன தனம், பைகளோடும் பூதக்கண்ணாடியோடும் திரும்பினாள். "ஒங்க ஃபிரண்டாமே! பைய தூக்கினு வந்தாரு. காபி குடிச்சிட்டுப் போங்கய்யான்னு கூட்டியாந்தேன்."

காபி வந்தது. அவர் டம்ளரைத் தூக்கினார். விளிம்புக்குக் கீழே 'ப.கோ. 3'. பூதக்கண்ணாடி கண்ணுக்குப் போனது. டம்ளரைப் பார்த்தார். டவராவைப் பார்த்தார். மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். தனத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று இரு கையாலும் கும்பிட்டேன்.

"இன்னாய்யா, எதனா விழுந்துருக்கா?" என்றாள் தனம்.

அவர் கை சட்டைப் பைக்குள் போனது. சரித்திரம் சொல்லத் தொண்டையைச் செருமினார். என் கதை முடிந்தது.

"நாளைக்கு எங்கப்பா நாளு. அவரு குடுத்த காசு ஒண்ணு கீதுங்க, அத வச்சுதான் கும்புடுவோம். இவருதான் பத்திரமா வச்சிருக்காரு" என்றாள் தனம்.

பூதக்கண்ணாடி செருமலை விழுங்கினார். "பத்திரமாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி, காபியைக் குடித்து முடித்து எழுந்து போய்விட்டார். டவராவில் டம்ளர் கொஞ்சம் சாய்ந்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். அடியில் காசு இருந்தது.

அடுத்த ஞாயிறு சந்தையில் ஒரு காசுக்காரர் கேட்டார்: "மூணாம் நம்பர் இன்னாச்சுய்யா?"

"தோத்துட்டேம்ப்பா" என்றார் பூதக்கண்ணாடி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "அந்த ஒண்ணுல மட்டும் தோத்துட்டேன்."

அன்றிலிருந்து வாரா வாரம் அவர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். அவர் சிரிக்கிறார், பக்கத்தில் குந்தியிருக்கும் என் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு உள்ள பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். தனம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவள். படிக்கட்டும். பூதக்கண்ணாடி எந்தக் கேஸிலும் தோற்கவில்லை.