ஐந்து பேர் விழுந்து எழுந்த சிவப்பு சைக்கிள்

அக்கா ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குக் கிளம்பிப் போனது ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, தன்னுடைய பழைய கறுப்பு சைக்கிளில். கேட் வரை வந்த மாமா கையை அசைக்கவில்லை, உதட்டைத்தான் அசைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நீளமான வார்த்தையை, சத்தம் வராமல், மூன்று தடவை. அவள் தெருமுனை திரும்பிய பிறகும் அந்த உதடு நிற்கவில்லை.

இந்த மாமாவைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். ஒரு தனி ஆளாக இல்லை, ஓர் இனமாக. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மெருகர். மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றி, இறங்கிய இடத்திலெல்லாம் வாயில் வந்ததைப் பேசிச் சோறும் படுக்கையும் சம்பாதித்துத் திரும்பியவள் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: மெருகர் இல்லாத தேசத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். மெருகர் கண்ணை மூடிக் கேட்பார். "நல்லா இருக்கு" என்பார். உடனே எழுந்து ஓடிவிடுங்கள். ஏனென்றால் அடுத்த வார்த்தை "ஆனா". அந்த "ஆனா"வுக்கு அப்புறம் நீங்கள் சொன்னதில் உங்களுடையது என்று மிஞ்சப்போவது உங்கள் பெயர் மட்டும்தான்.

என் மாமா குடிநீர் அலுவலகத்தில் கடிதம் எழுதும் வேலையில் இருப்பவர். குழாயில் தண்ணீர் வராது என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு, படிக்கிறவருக்கே தாகம் எடுக்கிற மாதிரி எழுதக்கூடியவர். சொந்தக்காரர்களின் விடுப்புக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி, வீடு வாடகைக்கு விடும் விளம்பரம், எது அகப்பட்டாலும் விடமாட்டார். பக்கத்து வீட்டு வாசலில் "நாய் ஜாக்கிரதை" என்று இருந்த பலகை இவர் கை பட்டு நாலு வரி ஆயிற்று. தபால்காரர் மூன்றாவது வரியில் இருக்கும்போது நாய் கடித்துவிட்டது.

சாயங்காலமானால் இந்த மாமாவின் முன்னறை வகுப்பறையாகிவிடும். பேச்சுத் தேர்வுக்குப் போகிறவர்களின் பதில்களை அங்கே இலவசமாக மெருகேற்றுவார். அந்தத் தேர்வை அவர் எழுதியதுண்டா? கிடையாது. இந்தப் பருவத்தில் சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எங்கிருந்தோ தகவல் பிடித்து வந்தாரே, அவருக்கு சைக்கிளாவது ஓட்டத் தெரியுமா? என் அம்மாதான் ஓட்டுவாள். மாமா பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்வார்.

அக்கா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, மாத முடிவுக்குள் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். முதல் தடவை அரை மதிப்பெண்ணில் போய்விட்டது. இந்தச் சனிக்கிழமையையும் கோட்டைவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. அதனால்தான் அவள், ஆறு நோயாளிகளை ஒரே குரலில் அடக்குகிறவள், மாமாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?" மாமா தேர்வாளரின் குரலில் கேட்டார்.

"ஓட்டுவேன். தினம் வேலைக்கு அதுலதான் போறேன். பாலத்து மேட்டுல செயின் கழண்டுடும்."

"நல்லா இருக்கு. ஆனா செயினெல்லாம் எதுக்குமா? அது கழண்டா மார்க்கும் சேர்ந்து கழண்டுடும்."

"நிஜமா அதான் மாமா நடக்குது."

"நிஜத்துக்கு யாரு மார்க் போடறா?"

அன்று இரவே மெருகு தயாராகிவிட்டது. ஆங்கிலத்தில் அது என்னவென்றால்: ஏழாவது பிறந்தநாளில் அன்பு மாமா பரிசளித்த சிவப்பு சைக்கிளிலிருந்து முதல் நாளே விழுந்தேன், முழங்காலில் ரத்தம், ஆயினும் எழுந்தேன், அன்று நான் கற்றது சைக்கிளை அல்ல, விடாமுயற்சியை, மேலும் மிதிவண்டியானது சுற்றுச்சூழலின் உற்ற தோழன்.

"எனக்கு யாரும் சைக்கிள் வாங்கித் தரலையே மாமா?"

"தந்திருக்கணும்" என்றார் மாமா. ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "இது உனக்குன்னே பண்ணினது. வெளியில மூச்சு விடாதே" என்றார்.

இந்த "உனக்குன்னே" என்பதுதான் மெருகரின் முத்திரை. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், லாரி ஓட்டுகிறவர், பேக்கரி அண்ணன், அவருடைய மச்சினன் என்று இன்னும் நாலு பேருக்கு இதே சிவப்பு சைக்கிளை, இதே ரகசியக் குரலில், உனக்குன்னே என்று கொடுத்திருந்தார். அந்த நாலு பேருக்கும் அதே சனிக்கிழமை, அதே கட்டிடம், அதே அறை. ஏனென்றால் ஐந்து விண்ணப்பத்தையும் ஒன்றாக நிரப்பி அனுப்பியவர் யார்? அவர்தான்.

அக்கா ஐந்தாவது ஆள். எதிரே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஆறிப்போன காபியுடன். சைக்கிள் கேள்வி வந்தது. "எனது ஏழாவது பிறந்தநாளில்" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"சிவப்பா?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா தலையாட்டினாள்.

"மாமா கொடுத்தாரா? எந்த முழங்கால்? காலையிலிருந்து நாலு பேர் விழுந்துவிட்டார்கள். ஒரே சைக்கிள்தான்."

மாத முடிவு, ஆஸ்பத்திரி, அரை மதிப்பெண் எல்லாம் தலைக்குள் ஒரு சுற்று சுற்றின. அக்கா குனிந்தாள். கண்ணில் பட்டது அவளுடைய கை. விரல் நுனியெல்லாம் கறுப்பு. அன்று காலையும் பாலத்து மேட்டில் செயின் கழன்றிருந்தது. அவள் கையை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"என் சைக்கிள் கறுப்பு" என்றாள், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில். அப்புறம் நிறுத்தவில்லை. மேட்டில் செயின் கழன்றதையும், லாரிகள் ஹாரன் அடித்ததையும், தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, செயினை நெம்பி, சக்கரப் பல்லில் மாட்டியதையும், தேர்வுக்கு நேரமாகிறதே என்று கையைப் பாவாடையில் துடைக்கப்போய், இருப்பதே ஒரு நல்ல பாவாடை என்று துடைக்காமல் வந்ததையும் சொன்னாள். அந்த அம்மாள் காபியை மறந்து, "பிறகு?" என்று கேட்டாராம்.

அக்கா தேறினாள். மற்ற நாலு பேரும் தேறவில்லை. மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் வந்து, அக்கா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்க, என்னிடம் கேட்டார்: "அப்படி என்னதான் சொன்னா?" நான் முழுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார். நான் "ஆனா"வுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாதான் வந்தது. "இன்னொரு தடவை சொல்லு, மெதுவா."

திருத்தவே முடியாதவர் என்று நினைத்த மனிதர், பிறர் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டு போனார். எனக்கே மனசு கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது.

சரி, நீங்கள்? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே மனதுக்குள் இரண்டு வாக்கியத்தையாவது மாற்றிப்போட்டீர்களா இல்லையா? "தபால்காரர் இடம் நல்லா இருக்கு, ஆனா" என்று ஓடவில்லை? தடவிப் பாருங்கள், மெருகு நம் விரலில் ஒட்டியிருப்பது நமக்குத் தெரியாது. நல்லவேளை, நான் அந்த இனமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறவள்.

இதை எழுதி முடித்துத் தலைப்பும் வைத்த பிறகு, அக்கா போய் எட்டு மாதம் கழித்து, அவளிடமிருந்து இந்தச் செய்தி வந்தது:

"எங்க வார்டுக்கு நம்ம மொழி பேசற பொண்ணு ஒண்ணு புதுசா வந்திருக்கு. எப்படிப் பாஸ் பண்ணினேன்னு கேட்டேன். மேட்டுல செயின் கழண்டுதாம், கை கறுப்பாச்சாம், பாவாடை ஒண்ணுதான் இருந்துதாம். அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடி! மாமாவோட வேலைன்னு புரிஞ்சுது, சிரிச்சு முடியலை. ஆனா அதுல ஒரு ஹேர்பின் வருது. நான் அன்னிக்கு ஒரு குச்சியாலதான் மாட்டினேன். என் முடியே காதுக்கு மேல நிக்குது, நான் எங்க ஹேர்பின் வெச்சேன்? மாமா நீ சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டதா சத்தியம் பண்றார். யாருடி அது?"